பவுண்டரியிலிருந்து திரும்பியவளின் கோரிக்கை: துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளின் மெக்கானிக்கல் துறைத் தலைவர்களுக்கும், இன்டர்ன்ஷிப் பொறுப்பைக் கவனிக்கும் ஆசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு நான்காம் ஆண்டுக்குள் நுழையும் மாணவி. கோடை விடுமுறையில் அரசூர்ப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு சிறிய பவுண்டரியில் நான்கு வார இன்டர்ன்ஷிப் முடித்திருக்கிறேன். கல்லூரி கேட்ட அறிக்கையை ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த அறிக்கையின் வடிவத்தில் எழுத இடமில்லாத சில விஷயங்கள் மிச்சமிருக்கின்றன. அவற்றுக்காகத்தான் இந்த மடல். எந்தக் கல்லூரி, எந்தப் பவுண்டரி என்பதெல்லாம் வேண்டாம். மற்றக் கல்லூரிகளில் படிக்கும் தோழிகளிடம் கேட்டாலும் கதை கிட்டத்தட்ட இதேதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். இன்டர்ன்ஷிப் முடிந்ததும் நீங்கள் எங்களிடம் கேட்பவை நிறுவனத்தின் லெட்டர்பேடில் ஒரு சான்றிதழ், வருகைப் பதிவு, ஓர் அறிக்கை, பத்து நிமிட ஸ்லைடு. இவை அத்தனையையும் ஒரு தொழிற்சாலையின் கேட்டைக்கூடப் பார்க்காமல் தயாரித்துவிடலாம். தயாரிக்கிறார்கள். செமஸ்டர் தேர்வு முடிவதற்கு முன்பே எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். சில ஆயிரம் ரூபாய் கட்டினால் போதும், தினம் ஒரு மணி நேர ஆன்லைன் வகுப்பு, 'ப்ராஜெக்ட்' அவர்களே தருவார்கள், கடைசியில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். வகுப்புக்கு வராவிட்டாலும் சான்றிதழ் நிச்சயம் என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை, சீனியர்கள் சொல்லிவிடுவார்கள். அப்படி வாங்கியவர்களுக்கும் அதே இரண்டு கிரெடிட். பல சமயம் மதிப்பெண் அவர்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் அவர்களுடைய ஸ்லைடு அழகாக இருக்கும்.

அந்த நண்பர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அப்பா விசைத்தறியில், அம்மா நூல் மில்லில் என்று இருக்கும் வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வரும் ஒரு பையனுக்கு எந்தத் தொழிற்சாலை முதலாளியைத் தெரியும்? 'நீங்களே இடம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு சுற்றறிக்கையும், கல்லூரி முத்திரை போட்ட ஒரு வேண்டுகோள் கடிதமும் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால் செக்யூரிட்டி அண்ணன் வாங்கிப் படித்துவிட்டு, 'ஹெச்.ஆர். இல்லீங்க' என்று திருப்பிக் கொடுப்பார். எனக்கு இடம் கிடைத்ததும் சித்தப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான். அதற்கு முன்னால் போய்க் கேட்ட இடங்களில், 'பொம்பளைப் புள்ளைய மெல்ட்டிங் பக்கம் எல்லாம் விட முடியாதும்மா, வேணும்னா ஆபீஸ்ல கம்ப்யூட்டர் பார்க்கட்டும்' என்றார்கள். அது அவர்களுக்கு அக்கறை. நான் படிப்பது வார்ப்பு, வெட்டு, வெப்பம். ஆபீசில் உட்கார்ந்து பில் போடப் பழகினால் அதற்கு எந்தப் பாடத்தில் கிரெடிட் தருவீர்கள்?

சரி, உள்ளே போன பிறகு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் கோரிக்கை எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அது பம்பு உதிரிகளும் மோட்டார் பாடிகளும் வார்க்கும் கிரே அயர்ன் பவுண்டரி. பைக்காரா மின்சாரம் வந்த 1930-களிலிருந்து கோவையில் மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. அவற்றுக்கு வார்ப்படம் செய்து கொடுத்தே வளர்ந்த தொழில் இது. நான் போன இடத்தில் இரும்பை மின்சாரத்தில் உருக்கும் ஐந்நூறு கிலோ இண்டக்‌ஷன் பர்னஸ், கைமோல்டிங்கும் மெஷின் மோல்டிங்கும் (மணலில் அச்சு எடுப்பது) கலந்து, வார்ப்பின் உள்குழிவுக்கான கோர் அடிக்க ஒரு ஷெட், வார்த்ததைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் பெட்லிங்குக்கு ஒரு ஷெட். முதல் நாள் எனக்கு விளங்காதது, காலையில் ஏன் யாரும் பர்னஸைத் தொடவில்லை என்பது. உயர் அழுத்த மின் இணைப்புக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரக் கட்டணம் 25 சதவீதம் கூடுதல். ஒரு டன் இரும்பை உருக்கச் சுமார் 600 யூனிட் ஆகும். அதனால் காலையில் மோல்டு அடித்து வரிசையாக வைத்துவிட்டு, உச்ச நேரம் முடிந்த பிறகுதான் உருக்குவார்கள். உற்பத்தித் திட்டமிடல் என்ற பாடத்தில், எந்த வேலை எப்போது என்று காட்டும் கான்ட் சார்ட் போட்டிருக்கிறோம். மின்கட்டணம் ஒரு தொழிற்சாலையின் நாளையே இப்படிப் பிரித்து வைக்கும் என்று அந்தப் பாடத்தில் ஒரு வரி இல்லை.

எனக்குக் கொடுத்த வேலை மணல். 'மதியத்துக்கு மேல ஊத்துற காஸ்டிங்ல ரிஜெக்‌ஷன் கூடுது, ஏன்னு பாரு' என்றார் மேனேஜர். வார்த்த பொருள்தான் காஸ்டிங், அதில் குறையென்று கழிக்கப்படுவது ரிஜெக்‌ஷன். மணலா, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் தோன்றியது. இரண்டாம் ஆண்டில் பச்சை மணல் (ஈரம் காயாத அச்சு மணல்) வார்ப்பு என்று ஒரு பாடம். பெர்மியபிலிட்டி (வாயுவை வெளியே விடும் தன்மை), ஈரப்பதம், அழுத்த வலிமை என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மனப்பாடம் செய்ததுதான்.

பவுண்டரியில் மணல் ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடும் பொருள் அல்ல. இரும்பு ஊற்றி, ஆறவைத்து, பெட்டியை உடைத்துத் தட்டினால் காஸ்டிங் ஒரு பக்கம் போகும், மணல் திரும்பவும் மிக்ஸருக்கு வரும். அங்கே தண்ணீரும் பென்டோனைட் களிமண்ணும் நிலக்கரித் தூளும் தேவைக்குச் சேர்த்து மறுபடி மோல்டிங்குக்கு அனுப்புவார்கள். காலையில் அந்த மணல் குளிர்ந்திருக்கும். இரண்டு மூன்று ஹீட் (ஒரு தடவை உருக்கும் இரும்பு ஒரு ஹீட்) ஊற்றிய பிறகு, ஆற நேரமில்லாமல் சூடாகவே சுற்றிச் சுற்றி வரும். சூட்டு மணலில் மிக்ஸரில் சரியாக இருந்த ஈரம், மோல்டு பெட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆவியாகிவிடும். மோல்டின் ஓரம் உதிரும், உதிர்ந்த மண் இரும்புக்குள் போகும். அதைச் சரிக்கட்டத் தண்ணீரைக் கூட்டினால், ஊற்றும்போது நீராவி கிளம்பிக் காஸ்டிங்கில் புளோ ஹோல் என்ற வாயு ஓட்டை விழும். அதில் சில ஓட்டைகள் வெளியே தெரியவே தெரியாது. காஸ்டிங் வாங்கியவர் லேத்தில் மாட்டி ஒரு கட் எடுத்த பிறகுதான் வாயைத் திறக்கும், அதற்குள் உருக்கிய மின்சாரம், லாரி வாடகை, மெஷினிங் கூலி எல்லாம் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. மிக்ஸர் ஓட்டும் பெரியவருக்கு இது என் வயதை விட அதிக வருஷமாகத் தெரியும். ஒரு பிடி மண்ணை அள்ளி, இறுக்கிப் பிடித்து, இரண்டாக உடைத்துப் பார்ப்பார். உடைந்த விளிம்பு கூர்மையாக நின்றால் சரி. நான் ஈரம் அளக்கும் கருவியில் மணலைக் கால்சியம் கார்பைடு பொடியோடு போட்டுக் குலுக்கி, கிளம்பும் அசிட்டிலின் வாயுவின் அழுத்தத்தைப் பார்த்துச் சதவீதம் எழுதுவேன். காலை நேரத்தில் அவர் கையும் என் மீட்டரும் ஒத்துப்போகும். மதியம் விலகும். 'சூட்டு மண்ணு ஈரமா இருக்கற மாதிரியே இருக்கும் அம்மிணி, கையை நம்பக்கூடாது' என்று அவரே சொன்னார். தன் கையை எப்போது நம்பக்கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் இல்லாதது எழுதி வைத்த கணக்கு. அந்த இடத்தில்தான் எனக்கு வேலை இருந்தது.

மணி நேரத்துக்கு ஒரு தடவை மிக்ஸர் வாயிலும் மோல்டிங் மேடையிலும் மணலின் சூட்டையும் ஈரத்தையும் எழுதினேன். எந்த ஹீட், எந்தப் பேட்டர்ன் (மணலில் பதித்து அச்சு எடுக்கும் மாதிரி), எத்தனை கிலோ என்பதையும் பக்கத்தில் எழுதினேன். கொஞ்ச நாளில் ஒன்று தெரிந்தது. எடை அதிகமான, மணல் குறைவாகப் பிடிக்கும் பேட்டர்ன்களை அடுத்தடுத்து ஓட்டும் நாட்களில் சூடு சீக்கிரம் ஏறுகிறது. கிலோ இரும்புக்கு மணல் குறைந்தால் அத்தனை சூட்டையும் அந்தக் கொஞ்ச மணல்தானே வாங்க வேண்டும்! சாண்ட் கூலர் வாங்கினால் தீரும், ஆனால் இந்த அளவு பவுண்டரிக்கு அது பெரிய செலவு. அதனால் கனமான வேலைக்கு நடுவே லேசான வேலையைச் செருகி ஓட்டிப் பார்க்கலாம், திரும்பும் மணலைக் கொஞ்ச நேரம் பரப்பி வைக்கலாம் என்று பெரியவரும் நானும் சேர்ந்து சொன்னோம். மேனேஜர் யோசித்தார். மோல்டிங் ஆட்களுக்குப் பேட்டர்ன் மாற்றும் நேரம் வீணாகும் என்று முதலில் முணுமுணுத்தார். அப்புறம் சரி, ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

அந்த வாரத்தோடு என் இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது.

ரிஜெக்‌ஷன் குறைந்ததா? தெரியாது. காஸ்டிங் மெஷின் ஷாப்புக்குப் போய், அங்கிருந்து புகார் வந்தாலோ வராவிட்டாலோதான் தெரியும். அதற்குச் சில வாரம் ஆகும். அதற்குள் எனக்குச் சான்றிதழ் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நீங்கள் கேட்ட எல்லாம் என்னிடம் இருக்கிறது. நான் எழுப்பிய கேள்விக்கு விடை மட்டும் இல்லை. இதுதான் என் முதல் கோரிக்கைக்குக் காரணம்.

எங்கள் விதிமுறையில் இரண்டு வாரத்துக்கு ஒரு கிரெடிட், நான்கு வாரத்துக்கு இரண்டு என்று இருக்கிறது. இப்போதைய நடைமுறையில் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு புது இடம், ஒரு புதுச் சான்றிதழ். ரெஸ்யூமேவில் வரிசையாக நான்கு பெயர் இருந்தால் நல்லது என்று வேலைவாய்ப்புப் பிரிவிலும் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து இதை மாற்றுங்கள். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் போன இடத்துக்கே மூன்றாம் ஆண்டிலும் போக அனுமதியுங்கள். அங்கே கிடைத்த பிரச்சினையே கடைசி ஆண்டு ப்ராஜெக்டாகத் தொடரட்டும். செமஸ்டர் நடுவே வாரத்தில் ஒரு நாள் போய்ப் பார்க்க விடுங்கள், பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம்தான். கடையில் விலைக்கு வாங்கும் மினி ப்ராஜெக்டுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாவது, மதிப்பீடு. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட இன்டர்ன்ஷிப் கொள்கையிலேயே மாணவர் தினமும் எழுத வேண்டிய நாட்குறிப்பு இருக்கிறது, ஆசிரியர் நேரில் போய்ப் பார்ப்பது இருக்கிறது, கடைசியில் வாய்மொழித் தேர்வும் இருக்கிறது. என் நாட்குறிப்பை இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. பவுண்டரிக்கு ஆசிரியர் யாரும் வரவில்லை. வந்திருந்தால் அவருக்கும் ஒரு நல்ல நாளாக இருந்திருக்கும் என்று நிஜமாகவே நினைக்கிறேன். எங்களுக்கு வார்ப்பு நடத்துபவர்களில் பலர் படிப்பு முடித்ததும் எம்.இ., அதை முடித்ததும் நேராக வகுப்பறை என்று வந்தவர்கள். அது அவர்கள் குற்றமில்லை, அவர்களை அப்படித்தான் எடுத்தீர்கள். ஒரு செமஸ்டருக்கு ஒரு நாள் அவர்களுக்குப் பாடவேளை ஏதும் போடாமல் பட்டறைக்கு அனுப்பினால் என்ன? அங்கே பேட்டர்ன் செய்பவர் கையில் இருக்கும் ஸ்கேலைப் பார்த்தாலே போதும். கிரே அயர்ன் ஆறும்போது கிட்டத்தட்ட ஒரு சதவீதம் சுருங்கும் என்பதால் அந்த ஸ்கேலில் ஒரு மீட்டர் என்று போட்டிருப்பது உண்மையில் ஒரு மீட்டருக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் கூட. சுருக்க அலவன்ஸ் என்று அட்டவணை போட்டு அரை மணி நேரம் நடத்தியது, அந்த ஸ்கேலைச் சாதாரண ஸ்கேல் பக்கத்தில் வைத்ததும் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது.

வாய்மொழித் தேர்வில் ஸ்லைடை மூடிவைக்கச் சொல்லுங்கள். 'அங்கே எது உடைந்தது? ஏன்? யாரிடம் கேட்டாய்? என்ன சொன்னார்?' என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எந்த வாட்ஸ்அப் விளம்பரக்காரரும் தயாரித்துத் தர முடியாது. முடிந்தால் தேர்வறையில் பட்டறையிலிருந்து ஒருவரை உட்காரவையுங்கள். எங்கள் மிக்ஸர் பெரியவர் உட்கார்ந்திருந்தால் முதல் கேள்வியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு டிகிரி இல்லை என்று விதியில் ஏதாவது தடுக்கும், தெரியும், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

மூன்றாவது விஷயம் சிறு தொழிற்சாலைகள் ஏன் மாணவர்களைச் சேர்க்கத் தயங்குகின்றன என்பது. எங்கள் பவுண்டரி முதலாளியிடம் கடைசி நாள் இதைக் கேட்டேன். அவர் சொன்னது எளிது: 'ஈ.எஸ்.ஐ. லிஸ்ட்ல இல்லாத புள்ளை கால்ல இரும்பு தெறிச்சா, ஆஸ்பத்திரிக்கு நானு போவனா, உங்க பிரின்சிபால் போவாரா?' நியாயம்தானே? 1,400 டிகிரிக்குப் பக்கத்தில் இரும்பு ஊற்றும் இடம் அது. கல்லூரி கொடுக்கும் வேண்டுகோள் கடிதத்தோடு விபத்துக் காப்பீட்டுச் சான்றும் இருந்தால், கூடவே பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட், கண்ணாடி மூன்றும் துறையிலிருந்தே கொடுத்து அனுப்பினால், பாதிக் கதவு திறந்துவிடும். ஐ.வி. (தொழிற்சாலையைப் பார்வையிடுவது) என்ற பெயரில் ஒவ்வொரு வருஷமும் பஸ் பிடித்து மூணாறுக்கோ கொச்சிக்கோ போகிறோம், வழியில் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று பேனரோடு போட்டோ எடுக்கிறோம். (நானும் அந்த போட்டோவில் இருக்கிறேன், நல்ல ட்ரிப், இல்லை என்று சொல்ல மாட்டேன்.) அதற்குத் தலைக்கு வசூலிக்கும் பணத்தில் ஒரு ஜோடி ஷூ தாராளமாக வாங்கலாம்.

மாணவிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். என்னை உருக்குமிடத்தில் நிற்க விட்டார்கள், கத்துக்கொடுத்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த மோல்டிங் அண்ணன்கள், என் உடைந்த இந்தியைச் சகித்துக்கொண்டு, இரும்பு ஓடும் ரன்னர் எங்கே வெட்ட வேண்டும், ஆறிச் சுருங்கும்போது இரும்பு ஊட்டும் ரைசர் எங்கே நிற்க வேண்டும் என்று மண்ணில் வரைந்தே காட்டினார்கள். கஷ்டம் வேறு இடத்தில். பெண்களுக்குக் கழிவறை ஆபீஸ் கட்டடத்தில் மட்டும்தான், மெல்ட்டிங் ஷெட்டிலிருந்து நல்ல நடை. மே மாத வெயிலில், பர்னஸ் பக்கத்தில், தண்ணீரை அளந்து குடித்தபடி நாளை ஓட்டினேன். இடத்தைப் பார்க்க ஓர் ஆசிரியை வந்திருந்தால் முதல் நாளே இதைப் பேசித் தீர்த்திருக்கலாம். இரண்டு மாணவிகளைச் சேர்த்து ஒரே இடத்துக்கு அனுப்பினாலும் போதும், வீட்டிலும் யோசிக்காமல் விடுவார்கள், முதலாளிகளும் தயங்க மாட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்கு ஸ்டைபண்ட் கிடையாது, மதியச் சாப்பாடும் டீயும் கிடைத்தன. அந்த முதலாளிமேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் சட்டத்தையும் திட்டங்களையும் பார்த்தால் எங்களுக்கான இடம் எங்கேயும் இல்லை. 1961-இன் அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டம் முடித்துப் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு உதவித்தொகை உண்டு. 2019-இல் திருத்திய விதி அதைப் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று வைத்தது. 2024 அக்டோபரில் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள், ஆனால் அது முழுநேரப் படிப்பில் இல்லாத 21 முதல் 24 வயதுக்காரர்களுக்கு என்று வைத்தார்கள். படித்துக்கொண்டே விடுமுறையில் போகிறவளுக்குப் பஸ் காசு வீட்டிலிருந்துதான். இதில் சட்டத்தை மாற்றும் இடத்தில் நீங்கள் இல்லை. ஆனால் பட்டறைக்குப் போகும் மாணவருக்கு விடுமுறைக் காலத்தில் விடுதியில் தங்க இடமும், கல்லூரி பஸ்ஸும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இந்த வருஷம் இன்டர்ன்ஷிப் தொடங்கிய அன்றே எங்கள் விடுதியைப் பூட்டினார்கள். தர்மபுரிக்காரத் தோழி ஒருத்தி, கிடைத்த நல்ல இடத்தை விட்டுவிட்டு ஊருக்குப் போய் ஆன்லைன் சான்றிதழ் வாங்கினாள். அவளுக்கு ரூம் வாடகைக்கு வழியில்லை.

இதெல்லாம் உடனே நடக்காது என்று தெரியும். பாடத்திட்டக் குழு கூட வேண்டும், தீர்மானம் போட வேண்டும், அது அச்சாகி வருவதற்குள் நான் படிப்பை முடித்துப் போயிருப்பேன். ஆனால் விடுதியைத் திறந்து வைக்கவும், காப்பீடு எடுக்கவும், நாட்குறிப்பைத் திறந்து படிக்கவும் எந்தக் குழுவும் கூட வேண்டியதில்லை. வரும் டிசம்பர் விடுமுறைக்குள்ளேயே செய்யலாம்.

எங்கள் துறையில் அடுத்த மாதம் இன்டர்ன்ஷிப் வாய்மொழித் தேர்வு. மணல் கணக்கு எழுதிய நோட்டைக் கொண்டுவருகிறேன். மேனேஜரிடம் ரிஜெக்‌ஷன் கணக்கைக் கேட்டிருக்கிறேன், அதற்குள் வந்துவிட்டால் அதையும் சேர்த்துக்கொண்டு வருவேன். பத்து நிமிடம் போதாது, இருபது நிமிடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி
கோயம்புத்தூர்